ரெண்டாவது ஆள்

மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயசுக்காரர்களே, சின்ன வயசில் உங்களில் பாதிப் பேர் முனிக்குப் பயந்திருப்பீர்கள், மீதிப் பேர் கணக்கு வாத்தியாருக்கு. நான் ஒரு இசைத்தட்டுக்குப் பயந்தேன். அதற்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவனை மறைத்து வைத்திருக்கிறார்கள், அந்த ஒளிந்திருக்கிற ஆளால் எங்கள் மாமன் கல்யாணம் நின்றுபோகப் போகிறது என்று ஒரு கடலைக்காய்ப் பருவம் பூராவும் நம்பினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பின்னால் நான் சாணித் தண்ணீர் சுமக்கிற இடம் வருகிறது. அதற்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் நின்றால் ஏறலாம், நிற்காவிட்டால் ஓடிப்போய்த் தொங்கலாம் என்கிற மாதிரியான இடம். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், மாட்டிடம் இரண்டும்.

மாமன் என்றால் அம்மாவின் தம்பி. ஆறு வருஷம் மலையில் இருந்தார். சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொர பங்களாவில் கரண்டு வேலை. தொர சீமைக்கே திரும்பிப் போனதும் இவரும் மலையிறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, மூடியே ஸ்பீக்கராகிற ஒரு ரிக்கார்டு பிளேயர், ஒரே ஒரு தட்டு. இவ்வளவுதான் கொண்டுவந்தது. தொர போகும்போது கொடுத்தாராம்.

எங்கள் வீட்டில் ஒருத்தரும் எதையும் சும்மா நம்புவதில்லை. அது எங்கள் ரத்தத்தில் உள்ளது.

"மாப்ள, தொர குடுத்தாரா, நீ எடுத்தயா?" என்றார் அப்பா.

"குடுத்தாரு மச்சான்."

"எழுதிக் குடுத்தாரா?"

அம்மாவின் சந்தேகம் வேறு திசை. "ஆறு வருசமும் வேல முடிஞ்சா இந்தப் பாட்டத்தான் கேட்டுட்டிருந்தேங்கறான். நம்பறதுக்கு நானென்ன கேனச்சியா? அங்க எவளோ ஒருத்தி இருக்கறா." மாமன் குளிக்கப் போன நேரத்தில் அந்தக் கம்பளியை எடுத்து ஓரம் ஓரமாக மோந்து பார்த்தாள். தேயிலை வாசமும் கற்பூர வாசமும்தான் வந்தது. அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஆம்பளைக்கு எதற்குக் கற்பூரம்?

தட்டின் அட்டையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரன், கட்டில் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அதுதான் பியானோ என்றார் மாமன். "ஆர்மோனியத்துக்கு அப்பன்னு வெச்சுக்க. இந்தப் பாட்ட வாசிக்கத் துணியறவங்களே உலகத்துல கொஞ்சம் பேருதான். துணிஞ்சவங்கள்ல பாதி பேரு நடுவுல உழுந்துருவாங்க. இவன் உழாம அக்கரைக்குப் போயிட்டான்."

முள்ளை வைத்தார். முதலில் நாலைந்து ஒலி, யாரோ கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரலாமா என்று யோசிக்கிற மாதிரி. அப்புறம் தகர டப்பாவில் கடலைக்காயைக் கொட்டினது போல ஒரு சத்தம் ஆரம்பித்து, கொட்டிக்கொண்டே இருந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். மாமன் கையை விலக்கிவிட்டு, "சத்தத்தக் கேக்காத. சத்தத்துக்கு நடுவுல ஒருத்தன் நடந்து போறான் பாரு, அவனக் கேளு" என்றார். கேட்டேன். நெசம்தான். சந்தைக்கூட்டம் நாலு பக்கமும் ஓட, ஒரு ஆள் மட்டும் கொஞ்சமும் அவசரமில்லாமல் நடுவில் நடந்துபோகிற மாதிரி ஒரு மெல்லிய ராகம். அது அழகாக இருந்தது. அதனால்தான் நான் பயந்தேன். ஓடுகிறவன் ஒருவன், நடக்கிறவன் ஒருவன். அப்படியானால் இரண்டு பேர். அட்டையில் ஒரு ஆள்தானே இருக்கிறான்?

நான் துப்பறிய ஆரம்பித்தேன். தட்டை வெயிலில் சாய்த்துக் கோடுகளை எண்ணப் பார்த்தேன். பெட்டியின் பின்பக்கத்து ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன். மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டுப் பத்து விரலாலும் தட்டி, ஓடவும் நடக்கவும் ஒரே நேரத்தில் முடிகிறதா என்று பரீட்சை செய்தேன். கட்டை விரல் நடந்தால் மற்றது நின்றது. மற்றது ஓடினால் கட்டை விரல் மறந்துபோனது. என்னால் முடியாதது உலகத்தில் யாராலும் முடியாது என்பது ஒன்பது வயசுக்காரனின் விஞ்ஞானம்.

இதற்கு நடுவே ஒருநாள் ரோட்டில் ஜீப் சத்தம். அப்பாவின் "எழுதிக் குடுத்தாரா" என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த சமயம். போலீஸ்தான், பெட்டியைத் தேடித்தான் வருகிறது என்று, ஒரு கூடைக் கடலைப்பொட்டை, காய் உரித்த தோலை, அப்படியே பிளேயர் தலையில் கவிழ்த்து அதன்மேல் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வந்தது கொசு மருந்து அடிக்கிறவர்கள். பொட்டுக் குவியல்மேல் உட்கார்ந்து ஒரு பையன் ஏன் அழுகிறான் என்று கேட்டுவிட்டு, சுவரில் சுண்ணாம்பால் தேதி எழுதிவிட்டுப் போனார்கள். மாமன் இரண்டு நாள் கோழியிறகால் பொட்டு பொறுக்கினார். என்னைத் திட்டவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் மாமனுக்குப் பெண் தேட ஆரம்பித்து, மாட்டுத் தரகர் ஒருவரின் மகள் ஜாதகம் பொருந்தியது. மாமனுக்கு அந்தப் பெண்ணை முன்னமே தெரியும். தெரியும் என்றால், பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு தடவை பார்த்திருக்கிறார். கீழே தவறின தன் அம்மாவின் கூடையை எடுக்கும்வரை பஸ் நகரக்கூடாது என்று படியில் கால் வைத்து நின்றாளாம், கண்டக்டர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனானாம். இதை என்னிடம் மட்டும் மூன்று தடவை சொன்னார்.

மாட்டுத் தரகு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எந்த விரலைத் தொட்டால் என்ன விலை, எவ்வளவு அழுத்தினால் என்ன என்று அது ஒரு பாஷை. வெளியே முகம் சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தத் தரகர் முப்பது வருஷமாக விரலில் பேசுகிறவர். துண்டுக்கு அடியில் ஒரு விரல் தயங்கினாலே அந்த மாடு எந்தக் காலில் நொண்டும் என்று சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றிப் பேச்சு.

பெண்ணைப் பெற்றவர் முதலில் வந்து வீட்டைப் பார்ப்பது வழக்கம். வந்தார். எங்கள் எருதுகளின் பல்லைப் பார்த்தார். மாமனையும் ஏறக்குறைய அதே மாதிரிதான் பார்த்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்காமல், "எங்க தம்பிகிட்டப் பாட்டுப் பொட்டி இருக்குதுங்க, ஒருக்காக் கேட்டுட்டுப் போங்க" என்றாள்.

மாமன் வைத்தார். தரகர் கொஞ்ச நேரம் கேட்டார்.

"எத்தன பேருங்க இது?"

"ஒரே ஆளுங்க."

"ஒரே ஆளா?"

"ரெண்டு கை, பத்து வெரலுங்க."

தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின்மேல் போட்டுக்கொண்டார். துண்டு அசைந்தது. உள்ளே அவர் விரல்கள் பாட்டோடு போய்ப் பார்க்கின்றன என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச தூரம் போயின. அப்புறம் துண்டு நின்றது.

"தம்பி, இதுல பத்து வெரலுக்கு மேல இருக்குதுங்க."

மாமன் அட்டையைக் காட்டினார். தரகர் அதை வாங்கக்கூட இல்லை. "சந்தையில கயித்தப் புடிச்சுட்டு நிக்கறவன் ஒருத்தன், மாட்டுக்காரன் வேறொருத்தன். படத்துல ஒருத்தன் இருந்தா நான் ஒருத்தன்னு நம்போணுங்களா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சேதி சொன்னார். உறவில்லை, மரியாதைக்குப் பெரியப்பா. "சின்ன விசயத்துக்கே இப்பிடிப் பொய் சொல்றவன் மலையில என்னென்ன பண்ணுனானோன்னு கேக்கறாராம். அடுத்த வாரம் ஒருக்கா வருவாராம். அப்பவும் பையன் ஒரு ஆளுன்னு சாதிச்சா வேற எடம் பாத்துக்கறாராம்." அவரே போகிற போக்கில், "உங்க பொட்டி பாடறப்பெல்லாம் என்ற மோட்டாரு மெதுவாத் தண்ணி எறைக்குது, அது தெரியுமா உங்களுக்கு?" என்று தன் சந்தேகத்தையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அம்மா மாமனைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, ரெண்டு ஆளுன்னு சொல்லீரு. யாரோ ஒரு வெள்ளக்காரனுக்குத் தொணைக்கு ஒருத்தனச் சேத்தி உட்டா நமக்கென்ன கொறஞ்சா போயிரும்?"

"ஒருத்தன் வாசிச்சத ரெண்டு பேருன்னு எப்பிடிக்கா சொல்றது? அவன் வெரலு எத்தன தேஞ்சிருக்கும்."

"உனக்குப் பொண்ணு வேணுமா, அவன் வெரலு வேணுமா?"

மாமன் தலையைக் குனிந்துகொண்டு முள்ளைத் துடைத்தார். எனக்கு இங்கேதான் பீதி முற்றியது. மாமன் பொய் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயம். டின் பரீட்சையில் நிரூபித்தாகிவிட்டது. பொய்யை ஒத்துக்கொண்டால் கல்யாணம் நடக்கும், ஆனால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த வாரம் பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டேன்.

பின்னாளில் தரகர் மகளே சொல்லித்தான் தெரியும், அதே வாரம் சந்தையில் தரகருக்கு இரண்டு தடவை கை தடுமாறியதாம். துண்டுக்கு அடியில் ஒரு வியாபாரியின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, பேரத்தை மறந்து, நடக்கிற விரல் எது ஓடுகிற விரல் எது என்று யோசித்துக்கொண்டே நின்றாராம். அந்த வியாபாரி பயந்து கையை உருவிக்கொண்டானாம். நாங்களெல்லாம் அவர் மாமனைச் சோதிக்கிறார் என்று நினைத்தோம். மனுஷனுக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை போய்விட்டிருந்தது, அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் வருகிற அன்றைக்கு மோட்டார் போட வேண்டாம் என்று அம்மா பெரியப்பாவிடம் கேட்டுக்கொண்டாள். மோட்டார் ஓடினால் எங்கள் வீட்டில் கரண்டு சோர்ந்துபோகும், பாட்டு இழுக்கும். அவரும் சரி என்றார். சாயங்காலம் நாலு மணிக்குத் தரகர் வந்து உட்கார்ந்து, துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். பாட்டு ஓடியது. துண்டு கொஞ்ச தூரம் போயிற்று, நின்றது. மறுபடி போயிற்று, நின்றது.

"ரெண்டு ஆளுங்க," என்றார்.

"ஒரு ஆளுங்க," என்றார் மாமன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சமயம் பார்த்து மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கு மங்கியது. பாட்டு தொண்டை கட்டினது போல இறங்கி, இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தது. மாமன் முகம் வெளிறிப்போய்விட்டது. தன் பாட்டை யாரோ சேற்றில் இழுத்துப்போகிற மாதிரி பார்த்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் ஓடினேன். வரப்பில் ஒரு தடவை, வாய்க்காலில் ஒரு தடவை விழுந்து பெரியப்பா முன்னால் போய் நின்றேன்.

"மோட்டார நிறுத்துங்க பெரியப்பா, மாமனுக்குக் கல்யாணம் நின்னுபோகும்."

"ஏண்டா, நான் கடலைக்குத் தண்ணி கட்டறதுக்கும் உங்க மாமன் தாலி கட்டறதுக்கும் என்ன சம்பந்தம்? மூணு பேஸ் கரண்டு இப்பத்தான் வந்துருக்குது."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை, எழவு வீட்டுக்குப் போதும். பெரியப்பா பயந்துபோய் ஸ்டார்ட்டரை இறக்கினார்.

மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன். பாட்டு பழையபடி பறந்துகொண்டிருந்தது. தரகர் நெற்றி சுருங்கியிருந்தது.

"எவன் அது வேகத்தக் கூட்டுனது?"

அப்பா மாமனைப் பார்த்தார், மாமன் பெட்டியைப் பார்த்தார்.

"மெதுவா வந்துட்டிருந்ததே, அது வேணுங்க. அதுலதான் வெரலு ஒண்ணொண்ணாப் புடிபட்டுது. மறுக்கா மெதுவா வைக்கோணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுபடி ஓடினேன். பெரியப்பா என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நின்ன மோட்டாரு சும்மா ஓடுமாடா? பம்புல தண்ணி எறங்கிருச்சு. சாணியக் கரைச்சு ஊத்தித்தான் ஏத்தோணும். கொடத்த எடு." இடுப்பில் குடத்தோடு மூன்று நடை நடந்தேன். கடைசி நடையில் பாதி பம்புக்கும் பாதி என் தலைக்கும் போயிற்று. மோட்டார் உறுமியதும் அப்படியே ஓடி வந்தேன். அம்மா என்னை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

இப்போது பாட்டு பெருமூச்சு விட்டுக்கொண்டு நடந்தது. துண்டுக்கு அடியில் தரகரின் விரல்களும் அதோடு நடந்தன. இந்தத் தடவை நிற்கவில்லை. ஒரு இடத்தில் கையை உயர்த்தினார்.

"அந்த எடம் மறுக்கா."

மாமன் முள்ளைத் தூக்கி வைத்தார்.

"இன்னொருக்கா."

வைத்தார். தரகர் துண்டை விலக்கிவிட்டு வெறும் கையை நீட்டினார்.

"இங்க பாருங்க. அடியில ஒரு சத்தம் உழுகுது. ஒடனே அந்தக் கை மேல தாவுது. தூரத் தாவோணும் போல. அது தாவறப்ப, மேல ஓடிட்டிருக்கற கையும் ஒரு இழ நிக்குது. நடக்கறதும் நிக்குது. மயிரிழதான். வேகமா வைக்கறப்ப அது தெரியல. ரெண்டு ஆளுன்னா அவன் தாவறதுக்கு இவன் ஏனுங்க நிக்கறான்? ரெட்ட மாட்டு வண்டில ஒரு மாடு தயங்குனா இன்னொண்ணு இழுத்துட்டுத்தான் போகும். இது ஒரே மாடு." கையை மடக்கிக்கொண்டு, "ஒரு ஆளுதானுங்க" என்றார்.

அம்மா மூச்சு விட்டது ஜன்னல் வரை கேட்டது. அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தோம். தரகருக்கு முடியவில்லை.

"சரிங்க தம்பி, நீங்க சொன்னது நெசம். உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? நேருல பாத்தீங்களா?"

"இல்லீங்க. தொர சொன்னாரு."

"தொர சொன்னா நம்பீருவீங்களா?"

மாமன் அம்மாவைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லு என்று அம்மா தலையாட்டினாள். மாமன் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"நம்பலீங்க. தொர பங்களாவுல இல்லாதப்பல்லாம் இதப் போட்டு ரெண்டாவது ஆளத் தேடுவேனுங்க. மலைல குளிரு, வேற வேலையும் இல்ல. ஆறு வருசம் தேடுனேன். ஆளு கெடைக்கல. கெடைக்காததுனாலதான் ஒரு ஆளுன்னு சொன்னேன். இப்பவும் ஒரு பக்கம் தேடிட்டுத்தானுங்க இருக்கறேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் மாமன் இப்படி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும், குடத்தோடு நடந்ததெல்லாம் வீண். நான் ஜன்னலிலிருந்தே மறுபடி அழத் தயாரானேன்.

தரகர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சமாயிருக்குமல்லங்க. மாட்டுக்குச் சுழி சுத்தம், பல்லு சுத்தம்னு மளமளன்னு பேசறவங்கிட்ட நான் ஒரு கன்னுக்குட்டி கூட வாங்குனதில்ல. நீங்க அன்னைக்குப் பத்து வெரலுன்னு அத்தன வெரசாச் சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிச்சுது. ஆறு வருசம் சந்தேகப்பட்ட ஆளுன்னா சரி."

மாமனும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மோட்டாருக்கு வருகிற மூணு பேஸ் கரண்டு போய்விட்டது, வீட்டுக் கரண்டு மட்டும் இருந்தது. பெரியப்பாவின் மோட்டார் தானாக நின்றது. நான் ஓடவேண்டியிருக்குமோ என்று ஒரு காலை எடுத்து வைத்ததுதான் மிச்சம். சிவப்பு விளக்கு பளிச்சென்றது, பாட்டு ஒரு எட்டில் எழுந்து பறந்தது.

யாரும் முள்ளைத் தூக்கவில்லை. தரகர் துண்டை எடுத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு கேட்டார். கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே அந்த ஒருவன் அவசரமில்லாமல் நடந்துபோனான். ஓடினவனும் அவனே. எனக்கும் அன்றைக்குத்தான் அது தெரிந்தது, தெரிந்ததும் முதுகில் சாணித் தண்ணீரையும் மீறி ஒரு சிலிர்ப்பு ஓடியது.

தட்டு முடிந்து முள் சும்மா உராய்ந்துகொண்டிருந்தது.

"ரெண்டு ஆளுன்னு நெனச்ச வரைக்கும் இது வெறும் பாட்டுங்க," என்றார் தரகர். "இப்பப் பயமா இருக்குது. இப்பிடி ஒருத்தன் இருப்பானுங்களா? இவனெல்லாம் நம்மள மாதிரிக் கல்யாணங் காச்சி பண்ணி, சோறு தின்னு, பொண்டாட்டி புள்ளைகளோட ஒரு ஊட்டுல இருப்பானுங்களா?"

"தெரியலீங்க," என்றார் மாமன்.

"நீங்க இருப்பீங்களல்ல?"

மாமன் இந்தத் தடவை வெரசாகச் சொல்லவில்லை. முள்ளைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தார். தட்டு சுற்றி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருப்பேனுங்க."

தரகர் தன் மகளின் பெயரைச் சொன்னார். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அவள் வெறும் பொண்ணுதான்.